அக்காவின் ஒட்டுக் கேட்கும் பெட்டி

என் அக்கா ஓர் உளவாளி. பதின்மூன்று வயதில் அந்த வேலையில் சேர்ந்தாள். அவளை விட்டுவிட்டு என்னைத்தான் சேர்த்திருக்க வேண்டும் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் இருந்தது மலேசியாவில், பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். சித்தப்பா டவுனில் சீனத் தவுக்கே முதலாளியின் ரேடியோ கடையில் பழுது பார்க்கிறவர். ஞாயிறு காலை, தோட்டத்து ஜெபக்கூடத்தில் ஜெபமாலை முடியும் நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். கையில் ஒரு சிறுவர் மாத இதழ் இருக்கும். அதில் ஒரு தொடர்கதை. பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் நாட்டுக்காக உளவு பார்ப்பான். அவனுக்குக் கருவி செய்து கொடுக்க ஒரு கிழட்டு விஞ்ஞானி உண்டு. புகை கக்கும் பேனா, சுவர் ஏறும் சப்பாத்து என்று ஒவ்வொன்றாகச் செய்து தருவார். பையன் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு வந்து நிற்பான். அவர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்ததைச் செய்யத் தொடங்குவார்.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பையனாக ஆசைப்பட்டார்கள். நான் கொஞ்சம் கெட்டிக்காரி. விஞ்ஞானி இல்லாமல் அந்தப் பையனால் ஒன்றும் ஆகாது என்று கண்டுகொண்டேன். விஞ்ஞானியோ எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்.

நான் நச்சரித்த நச்சரிப்பில் சித்தப்பா ஒரு தீப்பெட்டிக்குள் கண்ணாடித் துண்டை ஒட்டித் தந்தார். திரும்பாமலே பின்னால் வருகிறவரைப் பார்க்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்க நடந்தேன். தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டலின் மாட்டைத் தவிர யாரும் என்னைப் பின்தொடரவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அக்காவுக்கு அவளுடைய கருவி வரும்வரை.

அது ஒரு சோப்புப் பெட்டி. உள்ளே ரேடியோச் சாமான்களும் பேட்டரியும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயரின் நுனியில் காதில் செருகிக்கொள்ளும் குமிழ். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வேறு. சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது ஒட்டுக் கேக்குற பெட்டி. அக்காவுக்கு ஸ்கூல்ல ஒரு ரகசிய வேலை இருக்கு. நீ வெளிய சொன்னா வேலை கெட்டுடும்லா."

மாதா மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. கிழிந்த என் பாவாடையைத் தைத்துத் தர நேரமில்லாத அம்மா, அன்றைக்கே அக்காவின் பள்ளி உடுப்புக்குள் ஒரு பை வைத்துத் தைத்தாள். ஒயர் தெரியாதபடி காதை மூடித் தலை வாரிவிட்டாள். என் தலையை இழுத்துக் கட்டும்போது அந்தக் கை இப்படி மெதுவாக இருந்ததே இல்லை. ஞாயிறுதோறும் சித்தப்பா அக்காவை எதிரே உட்கார வைத்து, திருகைத் திருப்பித் திருப்பி, இப்போது எப்படி, இப்போது எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார். தீப்பெட்டியும் கையுமாக நான் பக்கத்தில் நிற்பேன். என் கருவி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அக்காவுக்குக் காது மந்தம். இதை நான் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. டவுன் பள்ளியில், தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாய்ப் படிப்புக்கு மாறுகிறவர்களுக்கான புகுமுக வகுப்பில் அவள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். படிப்பு ஏறவில்லை, வருடம் முடிந்ததும் நிறுத்தி, தோட்டத்தில் புல் வெட்டும் வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் அவள் பாட்டுக் கேட்கிறாள் என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். பினாங்கில் விற்ற காதுக் கருவி எங்களுக்கு எட்டாதது. அதனால் சித்தப்பா தாமே ஒன்று செய்தார். தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் கல்யாணப் பந்தல்வரை கூடவே வரும். ஆகவே வெளியே மூச்சு விடவில்லை. எனக்கும் சொல்லவில்லை. காலையில் எனக்குத் தெரிந்தது மாலையில் தண்ணீர்க் குழாயடிக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உளவாளிக் கதையை மட்டும் நான் காப்பாற்றினேன். அந்தப் பெருமையைப் பிறரோடு பங்கு போட எனக்கு மனமில்லை.

வருடக் கடைசிப் பரீட்சையில் அக்கா நல்ல மார்க் வாங்கினாள். அப்பா பள்ளியை நிறுத்தும் பேச்சை விட்டுவிட்டு அந்த ஞாயிறு கோழி அடித்தார். தொடைக்கறி அக்காவின் தட்டில் விழுந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பெட்டி இருந்தா நானுந்தான் வாங்குவேன். இவ டீச்சருங்க ரூம்ல ஒட்டுக் கேட்டு எழுதுறா."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. அக்காவுக்குத் திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

சித்தப்பா தட்டைப் பார்த்தபடி, "ஒனக்கு அது வேணாம்மா. ஒனக்கு அது தேவைப்படவே கூடாது," என்றார்.

இனி எனக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று புரிந்துகொண்டு, எழுந்து கொல்லைக்குப் போய் அழுதேன். சற்று நேரத்தில் அக்கா வந்தாள். குமிழைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, ஒரு தடவ கேட்டுப் பாரு."

செருகிக்கொண்டேன். உள்ளே அம்மா பானையைச் சுரண்டிய ஓசை லாரி ஏறுவதுபோல மண்டைக்குள் ஏறியது. கோழி கொக்கரித்ததும் அலறிக்கொண்டு பிடுங்கிப் போட்டேன். அக்கா என் வாயையே உற்றுப் பார்த்தாள். குமிழை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்ட பிறகு கேட்டாள்.

"ஒனக்கு அவ்ளோ சத்தமாவா இருக்கு?"

"காது கிழியுதுலா."

"எனக்கு யாரோ மெதுவா பேசுற மாதிரிதான் இருக்கும்," என்றாள். பிறகு அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆளைப் பார்த்துத்தான் சித்தப்பா கருவியைக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது. அவ்வளவு இரைச்சலையும் கண் இமைக்காமல் தாங்கினால்தானே உளவாளி. பெட்டியின் மேல் இருந்த ஆசை அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் பொறாமைப்பட்டதெல்லாம் அக்காவின் காதுகளைப் பார்த்துத்தான்.