மூளையை எடைக்கு விற்பதில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆராய்ச்சிக் கம்பெனியின் அனிமல் ஹவுஸ் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பெருமையாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பெருமை கைவசம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

1. எலி டாக்டரும் ஆறு ஆடுகளும்

ஒரு வைரஸின் கெட்ட சரக்கை எடுத்துவிட்டு, நல்ல ஜீனை ஏற்றி மூளைக்குள் அனுப்புவது எங்கள் வேலை. அந்த வைரஸுக்கு வெக்டர் என்று பெயர். எலியில் பலித்துவிட்டது. மனிதனுக்குப் போகும் முன் பெரிய மூளையில் பார்க்க வேண்டும். அதற்காக ஊத்துக்கோட்டைச் சந்தையில் ஆறு செம்மறி வாங்கி வந்தேன்.

வெக்டரைத் தயாரித்தது எங்கள் லேபில் ஆராய்ச்சி செய்த பெண் ரேவதி. எட்டு மாத உழைப்பு, ஒரே ஒரு ட்யூப், மைனஸ் எண்பது ஃப்ரீசரில் இருந்தது. ஒருமுறை உருக்கினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. அது போய்ச் சேர்ந்த இடம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும்.

வெக்டரை ஊசியில் இறக்க, மண்டையின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளித் துளை போடுவது? அதற்கு வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அந்தப் புத்தகத்து ஆடு அறுபது கிலோ. நம்முடையது முப்பது.

எங்கள் டைரக்டர் வெளிநாட்டில் எலி மட்டுமே பார்த்துத் திரும்பியவர். ஆட்டை அதுவரை பிரியாணியில்தான் சந்தித்திருப்பார்.

"சிம்பிள். வெயிட் பாதி. தூரத்தையும் பாதியாக்கிடு" என்றார்.

"சார், சித்திர வெயில்ல புல்லு இல்லாம ஆடு நாலு கிலோ இளைக்குது. மூளையும் கூடவே இளைக்குமா?"

"நீ என்ன பிஹெச்டியா?"

இல்லை. ஆடுகளுக்குத் தீவனம் வைக்கப் போனேன்.

2. காதர் பாய் சொன்ன சயின்ஸ்

மனசு கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆரணியில் கறிக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் போய், இளைத்த ஆட்டுத் தலை ஒன்று, கொழுத்த ஆட்டுத் தலை ஒன்று கேட்டேன்.

"இன்னா நைனா, தலக்கறி கொழம்பா?"

"இல்ல பாய். மூளைய அளக்கணும்."

"அளக்கறதா? நல்ல பேஜாரு புடிச்ச கம்பெனிதான். ஆடு இளைச்சாலும் கொழுத்தாலும் மூளை அதே சைசுதான்பா. அதனாலதான் கறிய கிலோ கணக்குல விக்கிறேன், மூளைய பீஸ் கணக்குல விக்கிறேன்."

இரண்டு மண்டையையும் அறுத்து வெர்னியர் வைத்து அளந்தேன். பாய் சொன்னது சரி. பெரிய வித்தியாசமே இல்லை. புத்தகத்து மூளையோடும் ஒப்பிட்டேன்; அந்த அளவில் சிறிது குறைத்தால் போதும், பாதியாக்கினால் ஊசி குறி தப்பும். சரியான அளவை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

3. என் கையெழுத்து

எங்கள் லேபில் ஒரு நடைமுறை. 'அளவு சரிபார்க்கப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் ட்யூப் ஃப்ரீசரை விட்டு வெளியே வரும். ஆபரேஷன் அன்று காலை டைரக்டரிடம் சீட்டை நீட்டினேன்.

"கசாப்புக் கடை டேட்டாவ கிளையன்ட் கிட்ட காட்டச் சொல்றியா? சைன் பண்ணு. டைம் ஆவுது."

சைன் பண்ணினேன்.

சில வாரம் கழித்து ஆடுகளைக் கொன்று மூளைகளை எடுத்துச் சீவிப் பார்த்தோம். பச்சையாக இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. ஊசி மூளை நடுவே நீர் நிற்கிற அறைக்குள் இறங்கிவிட்டது; அதன் சுவர் மட்டும் பளபளவென்று பச்சை. ஆறிலும் அப்படியே. தப்பைக்கூட எவ்வளவு சீராகச் செய்திருக்கிறோம் பாருங்கள்.

டைரக்டர் ஃபாரத்தைப் பிரித்தார். "வெரிஃபை பண்ணது யாரு? உன் சைன்தானே?" அந்த ப்ராஜெக்ட் முழுக்க அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ரேவதி கத்தவில்லை. "அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். சீட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, பழையபடி மடித்து என் கையிலேயே வைத்தாள்.

"அப்புறம் ஏண்ணா சைன் பண்ணீங்க?"

டைரக்டரை இத்தனை வருஷம் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அந்த ஆளுக்குத் தெரியாது, தெரியாமல் கெடுத்தார். நான் அளந்து பார்த்துவிட்டுக் கெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. நான் அன்று யாரோடும் சண்டை போட்டிருக்க வேண்டாம். பேனாவைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும், ட்யூப் ஃப்ரீசரிலேயே இருந்திருக்கும், சரியான அளவு முடிவாகும்வரை ஆறு ஆடும் தீவனம் தின்றுகொண்டிருந்திருக்கும்.