மீன் தொட்டிக்கு வெட்டிய கொய்யா

பனியன் கம்பெனி ஆபீசில் நாள் முழுக்க போனும் மெயிலுமாகக் கத்திவிட்டு வேலம்பாளையம் வீட்டுக்கு வந்தால், மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராகும். அதில் இருந்த பிளாஸ்டிக் செடிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு நிஜ மரக்கொம்பு ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். காய்ந்த கொய்யாக் கொம்பு நல்லது, பட்டையை உரித்து வேகவைத்துப் போடுங்கள் என்றார் வண்ண மீன் கடைக்காரர்.

பெரியப்பா குண்டடம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். மழை பொய்த்த வருடம். பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா, ஒரு இலைகூட இல்லாமல் நின்றது. நுனிக் குச்சியை ஒடித்தேன். படக்கென்று முறிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"பெரியப்பா, இது பட்டுப்போச்சுங்களே. மீன் தொட்டிக்கு எடுத்துக்கட்டுங்களா?"

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "புள்ள கேக்குதல்லோ, வெட்டிக் குடுங்க" என்றார்.

பெரியப்பா அரிவாளால் முழங்கால் உயரத்தில் வெட்டினார். கவை பிரியும் இடம் மான்கொம்பு மாதிரி அழகாக இருந்தது. கார் டிக்கியில் வேஸ்ட் துணியை விரித்து, கீறல் விழாமல் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

மறுநாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து பட்டையை உரித்தேன். நுனிப்பக்கம் சருகாக உதிர்ந்தது. அடிப்பக்கம் போகப் போகக் கத்தி வழுக்கியது. பட்டைக்கு அடியில் ஈரம். மெல்லிய, பளிச்சென்ற பச்சை. விரலை முகர்ந்தால் கொய்யாக்காய் வாசம். இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன், அங்கேயும் பச்சை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போன் போட்டேன். பெரியம்மாதான் எடுத்தார்.

"பெரியம்மா, மரம் உசுரோட இருந்திருக்குதுங்க."

"ஆமாங் கண்ணு. ஒரு மழை பேஞ்சாத் தழைஞ்சுக்கும்னுதான் பாத்திரங் கழுவுன தண்ணிய ஊத்தீட்டு இருந்தேன்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"இத்தன வருசத்துல நீ எங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். அதைப் போயி இல்லீன்னு சொல்லச் சொல்றியா?"

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஆபீசில் ஒரு துணியின் கலரைக்கூட பகல் வெளிச்சம், விளக்கு வெளிச்சம் இரண்டிலும் பார்க்காமல் ஓகே சொல்லமாட்டேன். மரத்துக்கு ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்ததோடு முடித்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது கொய்யா நாற்று ஒன்று வாங்கிப்போனேன். பெரியம்மா சந்தோஷமாக வாங்கிக் கிணற்றோரம் நட்டார். ஆனால் அன்று பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அந்த வெட்டுப்பட்ட அடிக்கட்டைக்குத்தான் ஊற்றினார். நான் பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டேன்.

கொம்பைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கோடை முழுக்க மாடியில் காயவைத்து, பெரிய அண்டாவில் வேகவைத்தேன். தேநீர் நிறத்தில் சாயம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றினேன். மிதக்காமல் இருக்க ஒரு கருங்கல் துண்டோடு கட்டித் தொட்டியில் இறக்கினேன். முதலில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது, பிறகு தானாகவே போய்விட்டது. சின்ன மீன்கள் கவைக்குள் புகுந்து விளையாடின. வந்தவர்கள் எல்லாரும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். ஊரிலிருந்து வந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஒரு கல்யாணத்துக்கு வந்த பெரியம்மா வீட்டுக்கும் வந்தார். தொட்டி முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம கொய்யாதான?"

"ஆமாங்க பெரியம்மா."

"இப்பிடித் தண்ணிக்குள்ளயே கெடந்தா வேரு உடுமா கண்ணு?"

"இல்லீங்க. வேக வெச்சுட்டேன்."

சரி என்று தலையாட்டினார். மீனுக்கு என்ன தீனி போடுவாய் என்று கேட்டார். நான் டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.