கலரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம்

திரையில் சேலை வந்தது. சாம்பல் நிறச் சேலை. அக்கா பட்டனை அழுத்தினாள். அடுத்த சேலையும் சாம்பல்.

"கலர் எங்கையடா?" என்றாள்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். நுண்கலை இறுதியாண்டுக்காரர்களின் கண்காட்சி. வெள்ளவத்தைக் கடைகளில் தொங்கும் சேலைகளை அக்கா ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டரில் படமாக வரைந்திருந்தாள். கீபோர்ட்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும், வயரை டீவியில் செருகினால் படம் வரும், அந்த வகை. அதில் இருக்கிற நிறமே எட்டுத்தான். எட்டை வைத்துக்கொண்டு பட்டுச்சேலை காட்டுவது லேசான வேலை இல்லை. கலர் போனால் அது சேலையே இல்லை, துடைக்கிற துணி.

பரிசோதிக்க வந்த இரண்டு விரிவுரையாளர்களும் வாசல் பக்கத்து மேசையில் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். பாஸானவர்களின் வேலை ஞாயிறு வரை மண்டபத்தில் இருக்கும். மற்றவர்கள் அன்றைக்கே கழற்றிக்கொண்டு போகவேண்டும். போன வருடம் அக்கா மத்தியானமே கழற்றிக்கொண்டு வந்தவள். இரண்டாவது தடவையும் கழற்றினால் பட்டம் இல்லை. எங்கள் மேசை கடைசி மூலையில் இருந்தது மட்டும்தான் நல்ல காலம்.

"நேற்று நீதானே திறந்தனி. என்ன செய்தனி?"

நான் எலக்ட்ரோனிக்ஸ் படிக்கிறவன். இந்த மெஷினை உயிரோடு எழுப்பினதே நான்தான். நேற்றிரவு வீட்டில் எட்டு நிறமும் ஜம்மென்று வந்தது, அவளும் பார்த்தாள். அதைச் சொன்னேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை.

முதலில் டீவியைச் சந்தேகப்பட்டேன். மருதானையில் ஒரு கடையில் இரவல் வாங்கின பெட்டி டீவி, அதை யார் நம்புவது? பக்கத்து மேசைப் பெடியனிடம் கெஞ்சி அவனுடைய டீவிடி பிளேயரைச் செருகிப் பார்த்தேன். கலர் கலராய்ப் படம் வந்தது. டீவி சுத்தம். வயரை மாற்றினேன். அப்பவும் சாம்பல். ஆனால் படம் ஆடவில்லை, ஓடவில்லை, கோடு விழவில்லை. நிறம் மட்டும் இல்லை. அப்படியென்றால் நோய் ஒரே இடத்தில்தான். உள்ளே ஒரு சின்னப் பளிங்கு, கிரிஸ்டல், துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் டீவி நிறத்தை அறியும். துடிப்பு ஒரு சொட்டு விலகினாலும் டீவி நிறத்தை மொத்தமாகக் கைவிட்டுவிடும். துடிப்பைச் சரிசெய்ய மிளகளவில் ஒரு திருகாணி உண்டு.

மூடியைக் கழற்றினேன். திருகாணியைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

மூடியைத் திருப்பினேன். காற்றுப் போக விட்டிருக்கும் வெட்டுகளுக்கு நேர்மேலே, குங்குமத்தோடு, வட்டமாக ஒரு பொட்டு. புது வாகனம் எடுத்தால் வைக்கிற மாதிரி. காலமை நாங்கள் த்ரீவீலர் பிடிக்க இறங்கின நேரத்தில் வைத்திருக்கவேண்டும். தண்ணியாய்க் குழைத்ததில் பாதி உள்ளே வழிந்துவிட்டது.

வைத்தவர் எங்களுக்குப் பின்னால் கதிரையில், நல்ல சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், எங்கள் அம்மா.

அக்கா சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் கத்தினவள் வாயை இறுக்கி மூடினாள்.

"என்ன பிழையாம்?" என்று அம்மா கேட்டார்.

"தூசி அம்மா," என்றாள் அக்கா.

"ஒரு துணியாலை மூடிக்கொண்டு போங்கோ எண்டு சொன்னனான்தானே."



எதிரில் இருந்த பாமசிக்கு ஓடி ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவந்தேன். துடைத்தேன். ஊதினேன். இன்னும் சாம்பல். சரி, திருகிப் பார்ப்போம் என்று ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். வைத்தவுடன் திரையில் சிவப்பு வந்தது. கரையில் பச்சை, நடுவில் மஞ்சள். அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். சாம்பல்.

வைத்தால் கலர், எடுத்தால் சாம்பல். அந்த இடத்தை இரும்பு தொட்டாலே துடிப்பு மாறும். அதற்குத்தான் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர். அது வெள்ளவத்தையில் என் மேசை லாச்சியில் பத்திரமாக இருந்தது. கொஞ்சம் கூடத் திருகிவிட்டு எடுத்தால் சரியான இடத்தில் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டுத் திருகினேன். எடுத்தேன். சாம்பல். மறுபக்கம் திருகினேன். திருகாணி நறநறவென்றது. இன்னொரு தரம் திருகினால் உடையும், உடைந்தால் கொழும்பு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

விரிவுரையாளர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள்.

"கீழை பூரு," என்றாள் அக்கா.

மேசைக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தோம். கம்ப்யூட்டரை மேசையின் பின் விளிம்புக்கு இழுத்தாள். நான் துணிக்குள் குந்தி, பின்பக்கத்தால் கையை மேலே விட்டு, தடவித் தடவி ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். "ஆ, அதிலை. அசையாதை." மூடியைப் பேருக்குச் சரித்து வைத்து என் கையை மறைத்தாள்.

இரண்டு சோடிச் சப்பாத்துகள் வந்து நின்றன. அக்கா சிங்களத்தில் விளக்கத் தொடங்கினாள். முதலாவது சேலை, இரண்டாவது சேலை. என் தோள் மூட்டில் ஊசி குத்தியது. கையை மற்றக் கையால் தாங்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ, விரல் ஒரு கணம் வழுக்கியது. மேலே பேச்சு நின்றது. திரும்ப வைத்தேன்.

பெண் விரிவுரையாளர், கலர் ஏன் போய்த் திரும்பி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். பழைய மெஷின் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அக்கா துணியைத் தூக்கினாள். மல்லிதான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றாள். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, கையை எடுக்கவும் வரவில்லை.

"மல்லி, அதாரின்ன எப்பா," என்றார். விடவேண்டாமாம்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. முதலில் இருந்து காட்டச் சொன்னார். ஒவ்வொரு சேலைக்கும் கேள்வி. எட்டு நிறத்தில் இந்தக் கத்தரிப்பூ எப்படி வந்தது என்று கேட்டார், நீலத்தையும் சிவப்பையும் புள்ளி புள்ளியாக மாற்றி வைத்தேன் என்றாள். அவர் திரைக்குக் கிட்டப் போனார், பிறகு தூரம் போனார். மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். என் கை மரத்து, அது என்னுடையதா என்றே தெரியாமல் போன நேரத்தில் பேனை கிறுக்கும் சத்தம் கேட்டது.

போகிறபோது திரும்பிக் குனிந்து, ஞாயிறு வரைக்கும் மல்லி இப்படியே இருப்பாரா என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன்னம் அக்கா ஓம் சொல்லிவிட்டாள்.