படியைப் பார்க்க வந்த அதிகாரி

இன்று காலை வாசலில் உறைபனி. பார்சல் கொண்டுவந்த பெண்ணிடம், "கவனம் பிள்ளை, வழுக்கும்" என்றேன்.

எழுபதுகளில் மெல்பர்னில் நான் வீடுவீடாகப் பாண், அதாவது ரொட்டி, கொடுக்கும் வான் ஓட்டினேன். இப்படியொரு குளிரில் ஒரு வீட்டுப் படியில் வழுக்கிக் கை முறிந்தது. வேலையில்லை, சம்பளமுமில்லை. இன்சூரன்ஸ் கம்பனியிடம் நட்டஈடு கேட்டேன்.

இன்னொரு பனிக்காலையில் காப்புறுதி அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு படியைப் பார்க்க வந்தார். "இதில் யாராவது விழுவார்களா?" என்று சிரித்தபடி ஏறினார்.

மல்லாந்து விழுந்தார். முறியாத கையால் நான்தான் தூக்கிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி பதறினாள். "அவருக்கு அடி பட்டதோ?"

"ஓம், இடுப்பில."

"ஐயோ பாவம். அப்ப எங்கட காசு கட்டாயம் வரும்."

வந்தது. அந்த அதிகாரி தன் இடுப்புக்கு நட்டஈடு கேட்டபோது படியைப் பார்க்க யாரை அனுப்பினார்களோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.