பிரசங்கம் கேட்டவள்

எடித்தின் பெயரைக் கெடுத்தது ஒரேயொரு சொல். அதைச் சொன்னவளும் அவளேதான்.

தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு போடுகிற பெண்களில் அவளைப் போல வாய்க்காரி கிடையாது. தராசில் விரலை வைக்கிற வியாபாரிகள் அவளைக் கண்டால் விரலை எடுத்துவிடுவார்கள். சண்டைக் காலத்தில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், தம்பி சிங்கராசாவை மடியில் இறுக்கிக்கொண்டு வள்ளமேறி இராமேசுவரம் போனவள். அங்கே அகதி முகாமிலேயே கூட வந்த தாய் கண்ணை மூட, தம்பியை இவள்தான் வளர்த்தாள். சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் றஞ்சிதாவைப் பார்த்து அவனுக்குக் கட்டியும் வைத்தாள். தனக்கென்று ஒன்றையும் தேடவில்லை. படிப்பு பாதியில் நின்றதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

கருவாட்டில் ஈ மொய்க்காமலிருக்க ஏதும் வழியுண்டா என்று ஒருநாள் போனை நோண்டியபோது, பல்கலைக்கழக ஆசிரியை ஒருத்தியின் பேச்சு அகப்பட்டது. கடலின் கதையை நல்ல தமிழில், சல்லிக்காசு வாங்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எடித் ஈயை மறந்தாள். பிறகு நட்சத்திரம், மூளை, எறும்பு என்று ஒன்று முடிய ஒன்று. இத்தனை காலமும் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு காலத்தில் கடல் இல்லை, நடந்தே போயிருக்கலாம் என்று ஆசிரியை சொன்ன அன்று எடித் மீன் பாயருகில் குந்தியிருந்து அழுதாள். அந்த வள்ளத்தில் அவள் பட்ட பயம் அவளுக்குத்தானே தெரியும்! பார்த்து அந்நேரம் வந்து நின்றாள் றஞ்சிதா, கைக்குழந்தையும் தானுமாக.

"என்ன மச்சாள், காதுக்குள்ள என்னத்தைச் செருகிக்கொண்டு அழுறியள்?"

"பிரசங்கம் கேக்கிறன். உன்ர வேலையைப் பார்."

பாடம் என்றிருக்கலாம், பேச்சு என்றிருக்கலாம். பாழாய்ப்போன வாயில் பிரசங்கம் என்றுதான் வந்தது. அந்த ஊரில் பிரசங்கம் என்றால் ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமியார் வைப்பது. கிழமை நாளில், தனியே, கண்ணீர் வடியப் பிரசங்கம் கேட்டால் அவள் கத்தோலிக்க வேதத்தை விட்டுக் கைதட்டிப் பாடுகிற பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். பொழுது சாய்வதற்குள் கதைக்குக் கண் மூக்கு காது எல்லாம் முளைத்துவிட்டது. தலையில் எண்ணெய் பூசிக்கொண்டாளாம், மாதா சுரூபத்தைத் துணியால் மூடிவிட்டாளாம். பக்கத்தில் மீன் காயப்போட்ட பெண்கள் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

"போங்கோடி, காத்தெண்டாலும் வரட்டும்," என்றாள் எடித்.

ஆனால் றஞ்சிதா அடித்த அடி வலித்தது. திருமுழுக்கில் குழந்தையை ஏந்தி ஞானத்தாயாக நிற்கப்போவது எடித் என்பது வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்த விடயம். வெள்ளைச் சட்டையும் அவள் கையாலேயே தைத்து வைத்திருந்தாள். பிள்ளை பெறாத அவளை அம்மா என்று கூப்பிட உலகத்தில் ஓர் உயிர் இருக்கப் போகிறது என்று எத்தனை தரம் நினைத்துப் பூரித்திருப்பாள்! இப்போது றஞ்சிதா, "சபைக்காரியின்ர கையில என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்," என்று நின்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எடித் கோயில் வாசலில் மூப்பரை மறித்தாள். கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரிய மனிசன் அவர். அவர் சரியென்றால் ஊருக்கும் சரி. "கேளுங்கோ, எல்லாரும் வந்து கேளுங்கோ," என்று போனை உரக்க வைத்தாள்.

"இப்போது கடல் இருக்கும் இடத்தில் அன்று மக்கள் நடந்தே கடந்திருக்கலாம்," என்றது ஆசிரியையின் குரல்.

"அட, வேதாகமத்தில மோயீசன் கடலைக் கடந்த கதையெல்லோ இது!" என்றார் மூப்பர். "பிரசங்கமேதான்."

"மோயீசனுமில்லை, ஒருத்தனுமில்லை! இது ஆண்டவரைப் பற்றின கதையே இல்லை!"

"மோயீசன் இல்லையாமே!" என்று யாரோ ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எடித்துக்குக் கண்மண் தெரியவில்லை. "உங்கட மண்டைக்குள்ள என்ன, களிமண்ணோ?" என்று மூப்பரைப் பார்த்தே கேட்டுவிட்டாள். கோயில் வாசலில், பூசை முடிந்த கையோடு, அந்த மனிசனை! அதோடு காரியம் கெட்டது. சபையை விட்டுவிட்டேன் என்று ஊரறியச் சொன்னால்தான் ஞானத்தாயாக நிற்கலாம் என்று மூப்பர் சொல்லிவிட்டார்.

சிங்கராசா வீடு தேடி வந்தான். "எனக்குத் தெரியுமக்கா, நீ ஒண்டிலயும் சேரேல்லை. விட்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாவன். பிள்ளைக்காக."

"சேராத சபையை விட்டிட்டன் எண்டு சொன்னா, சேர்ந்திருந்தனான் எண்டெல்லோ ஆகும்? செய்யாததை ஒப்புக்கொண்டு அந்தப் பிள்ளையைத் தூக்கமாட்டன்."

அவன் வெள்ளைச் சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். எடித் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு அழுதாள். ஊர் எக்கேடு கெட்டாலும் தம்பி என்னை நம்புகிறான் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

திருமுழுக்கு நாளில் அவளும் கோயிலுக்குப் போனாள். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். அவள் தைத்த சட்டையில் குழந்தை றஞ்சிதாவின் தங்கை கையில் கிடந்தது. சட்டை கொஞ்சம் பெரிது. சுவாமி ஞானத்தாயைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்:

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்," என்றாள் தங்கைக்காரி.

எடித்தை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் கோயில் முழுக்கத் தலையைத் திருப்பிக் கடைசி வாங்கைப் பார்த்தது. மூப்பர் பார்த்தார், றஞ்சிதா பார்த்தாள். எடித் எல்லார் முகத்தையும் பதிலுக்கு முறைத்துக்கொண்டே வந்தாள், தம்பியின் முகம் வரும்வரைக்கும். அவனும் மற்றவர்களைப் போலவே திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.