மாமனாருக்குக் களி ஊட்டிய மாப்பிள்ளை

ஐம்பதுகளின் நடுவில், பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் எட்டி நடந்தால் மைசூர் ராஜ்யம். எனக்கு வயது இருபத்தேழு. சாமல்பட்டிப் பக்கம் பிறந்து, ரயிலை வேடிக்கை பார்த்தே வளர்ந்து, வேறு ஒன்றுக்கும் உதவாமல் போனதால் இந்த ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் நான் 'மாப்ள'தான். என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

மாமனார் பெரிய உழைப்பாளி. மாமியார் முன்பே போய்விட்டார். ஒரே பெண், அவள்தான் என் மனைவி. நான் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். மாமனார் மட்டும் திரும்பி மாட்டைப் பார்ப்பார். மாடும் சிரிக்காது. இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்த சமயம், களத்திலேயே அவருக்கு வாதம் அடித்துவிட்டது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். டவுனிலிருந்து பாட்டில் மருந்து வந்தது. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: 'ஜாக்கிரதையா பாத்துக்கங்க.' எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் என் மனைவிதான் எல்லாம் செய்தாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரைத் தூக்கி உட்கார வைப்பாள், துடைப்பாள், வேட்டி மாற்றுவாள். ஒரு வேளைக் கஞ்சி கொடுக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நானாக இருந்தால் பத்து நிமிஷத்தில் முடித்திருப்பேன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் எழுந்து மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாள் வருவதற்கு முன்பே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்லவும், வண்டி கட்டி ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். துணைக்கு அவள் சின்னம்மா போனாள். வண்டியில் படுத்தபடியே என் மனைவி சொன்னாள்:

"அப்பாவுக்குக் கஞ்சி மட்டும் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

"நீ கவலப்படாத. நீ வர்றதுக்குள்ள உங்கப்பன எழுந்து நடக்க வெச்சிர்றேன்" என்றேன். வண்டிக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

முதல் மூன்று நாள் கஞ்சிதான் கொடுத்தேன். பாதி அவர் தோளுக்கும் கால்வாசி தலையணைக்கும் போனது. மீதி உள்ளே போயிருக்கும் என்பது என் நம்பிக்கை. நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மாமனாருக்குப் பழைய கூட்டாளி.

"என்ன மாப்ள, ஆளக் காய வெச்சு வத்தலாக்கிட்ட? களி தின்ன ஒடம்பு அது. கஞ்சித் தண்ணிக்கு நிக்குமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமனார் நல்லா இருந்த காலத்தில் வேளைக்கு மூன்று உருண்டை களி இறக்குவார். எங்கள் பக்கத்துக் களியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது. கிள்ளிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மென்று தின்றால் வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள். இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. மாமனாருக்குத் தாடை ஓடவில்லை, மெல்ல முடியாது. களியை மெல்லவே வேண்டாம். ஆக, வாதம் வந்தவருக்குக் களியைப் போலச் சாப்பாடு உண்டா? இதை ஐந்து மாதமாக யாரும் யோசிக்கவில்லையே என்று எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

நானே களி கிண்டினேன். மேலே பளபள என்று இருந்தது, உள்ளே கட்டி. கீரைக் குழம்பை அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொண்டேன். மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். எழுப்பி உட்கார வைத்தால் நேரம் ஆகும் என்று அப்படியே விட்டேன். எலுமிச்சம்பழ அளவுக்குக் கிள்ளி, குழம்பில் தோய்த்து வாயில் வைத்தேன்.

அவர் கண்கள் பெரிதாயின. விக்கலும் இல்லை, இருமலும் இல்லை, சத்தமே இல்லை. முகம் கறுத்தது. இடது கை கட்டில் சட்டத்தை அடித்தது. நான் செய்த அடுத்த புத்திசாலித்தனம்: களி இறங்கட்டும் என்று சொம்புத் தண்ணீரைச் சாய்த்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் நான் கத்தினேன்.

பக்கத்து வீட்டில் ஒரு காதுகுத்துக்காகக் கோலார் தங்கவயல் பக்கமிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். அந்த வீட்டுக்காரரின் கொழுந்தியாள், ஐம்பது வயது இருக்கும். அந்தப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரியில் ஆயா. புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டே ஓடி வந்தார். என்னை ஒரு தள்ளு. மாமனாரை ஒருக்களித்துப் போட்டு, குனிய வைத்து, முதுகில் உள்ளங்கையால் நாலு அறை, வாய்க்குள் விரலை விட்டு ஒரு கொக்கி. களி உருண்டை வைத்தது வைத்தபடி முழுசாக வெளியே விழுந்தது. மாமனார் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளையோடு திரும்பி வருகிறவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? ஆயாம்மா திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்:

"ஏம் அல்லுடு, அழுது என்ன ஆவுது? நானும் படிச்சவ இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு இதே வாதம். இப்படித்தான் படுக்க வெச்சு ஊட்டினேன். உனக்கு நான் ஓடியாந்தேன். எனக்கு யாரும் வரல."

அல்லுடு என்றால் தெலுங்கில் மாப்பிள்ளை. அந்த அம்மாளுக்கும் நான் மாப்பிள்ளைதான். வீட்டுக்காரர் போன பிறகுதான் அவர் ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நர்ஸுகள் நோயாளிகளுக்கு ஊட்டுவதைத் துடைப்பத்தைப் பிடித்தபடி பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம்.

ஆபத்து அதோடு முடியவில்லை. அன்று சாயங்காலம் கஞ்சியோடு போனேன். மாமனார் வாயை மூடிக்கொண்டார். ஆயாம்மா கொடுத்தார், திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தடவிக் கெஞ்சினார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் முழுக்க அப்படியே. நனைத்த துணியால் உதட்டைத் தடவியதோடு சரி. நான் எனக்குத் தெரிந்த வேடிக்கைக் கதையெல்லாம் சொன்னேன். சுவரே பரவாயில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அதற்கு அடுத்த காலை ஆயாம்மா வந்து அவர் நாக்கைப் பார்த்தார்.

"காஞ்சு போயிருக்கு. இன்னிக்கும் எறங்கலன்னா தாங்க மாட்டாரு. நான் நாளைக்கு பஸ் ஏறணும்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னொரு கட்டிலத் தூக்கியா. அவரு மூஞ்சிக்கு நேரா போடு. படு."

"நானா?"

"நீதான். இனி பேசக் கூடாது. அவரு பேசறாரா?"

துண்டால் என் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். வலது கன்னத்தில் துணியைச் சுருட்டி அடைத்தார். அதற்குள் பக்கத்து வீடே வாசலில் கூடிவிட்டது. ஆயாம்மா என் தலைமாட்டில் நின்றுகொண்டு, குழம்புக் கரண்டி நிறையக் கஞ்சியை மொண்டு, வாசலில் நின்ற தன் அக்காளிடம் காதுகுத்துக்கு வந்த சேலை எது, வராத சேலை எது என்று பேசிக்கொண்டே என் வாயில் ஊற்றினார். நான் மூன்று நாள் செய்தது அப்படியே அதுதான்.

முதல் வாய் எப்படியோ போனது. விழுங்கி முடிப்பதற்குள் இரண்டாவது. மூன்றாவது வருவது எனக்குத் தெரியவே இல்லை. கரண்டி தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. 'போதும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் 'இன்னும் கேக்கறான்' என்று ஊற்றினார். கஞ்சி மூக்கில் ஏறியது. இடது கையை ஆட்டினேன். "கையக் கீழ வெய்யி" என்று அதையும் அழுத்திவிட்டு, அழுக்குத் துண்டால் என் முகத்தைப் பரபரவென்று துடைத்தார், மூக்கையும் சேர்த்து. நான் செக்குமாடு மாதிரி உறுமினேன். கண்ணில் தண்ணீர்.

"பாரு, மாப்ளக்கி ஆனந்தக் கண்ணீரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஈரக் கதவு திறப்பது போல. எல்லோரும் திரும்பினோம். மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம்தான் சிரித்தது, மீதிப் பாதி சும்மா இருந்தது. தோள் குலுங்கியது. இரண்டு வருஷமாக அவரைச் சிரிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆயாம்மா என் கட்டை அவிழ்த்தார். "இப்பத் தெரிஞ்சுதா? இப்ப கத்துக்க."

மாமனாரை முதுகுக்கு மூட்டை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். என்னை எதிரே, அவர் முகத்தை விடத் தாழ்வாக, ஒரு முக்காலியில் உட்காரச் சொன்னார். வீட்டிலேயே சின்னதான நெய்க் கரண்டியைத் தேடி எடுத்தார். "பாதிக் கரண்டிதான். மோவாய் கீழ பாக்கணும், அண்ணாந்தா புரையேறும். நல்ல பக்கத்துக் கன்னத்துல வெய்யி. தொண்டைல இந்தக் குமிழ் இருக்குதே, இது மேல போயி எறங்கற வரைக்கும் அடுத்த கரண்டியத் தொடாத. ரொம்பத் தண்ணியா கரைக்காத, கூழு பதத்துல இருக்கட்டும். தின்ன உடனே படுக்க வெக்காத. முக்கியமா, நீ பேசாத."

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம். பிறகு அவர் மாமனாரின் இடது கையைத் தொட்டு, "அண்ணா, போதும்னா ஒரு விரலத் தூக்குங்க" என்றார். ஐந்து மாதமாக அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் பாதிக் கரண்டியை நீட்டினேன். வாய் திறக்கவில்லை. காத்திருந்தேன். ஆயாம்மா கையை ஆட்டி எல்லோரையும் வாசலை விட்டுப் போகச் சொன்னார். கை வலித்தது. வாயில் ஒரு வேடிக்கை வந்தது, விழுங்கினேன்.

மாமனாரின் இடது கை மெல்ல எழுந்தது. என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். வீசி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கரண்டி நடுங்கியபடி என் வாய்க்கு நேராக வந்தது. பாதி என் மீசையில் சிந்தியது. வாயைத் திறந்தேன். விழுங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தார். குமிழ் ஏறி இறங்கும் வரை உற்றுப் பார்த்தார். ஆயாம்மா சொன்னதை என்னைவிட அவர் நன்றாகக் கேட்டிருக்கிறார். பிறகு கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தார்.

பதினொரு கரண்டி இறங்கியது. பன்னிரண்டாவதற்கு ஒரு விரல் எழுந்தது. நான் நிறுத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பி ஆயாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அவரை பஸ் ஏற்றிவிட நானே போனேன். "உன் பொண்டாட்டி வந்தா அவளுக்கும் ஒரு வேள ரெஸ்ட்டு குடு. பாத்துக்கறவளப் பாத்துக்க ஆளு வேணும்ல" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மனைவி பெண் குழந்தையோடு வந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அன்று முழுக்க என்னைக் கட்டில் பக்கமே விடாமல் தானே ஊட்டினாள். மறுநாள் பேசினாள். "ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உசுரு போயி உசுரு வரும். சரியாத்தான் குடுக்கறனான்னு கேக்க ஆளில்ல. மாட்டுக் கொட்டாயில போயி அழுதுட்டு வருவேன்" என்றாள். அதே வீட்டில்தான் நானும் இருந்தேன். அன்று முதல் காலையும் சாயங்காலமும் கரண்டி என் பொறுப்பு. மாமனார் அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். பேத்தி அவர் மடியில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டப் பழகினாள். அவளுக்கும் தொண்டைக் குமிழைப் பார்க்கத் தெரியும்.

இப்போது ஓசூரில் கம்பெனிகள் வந்துவிட்டன. என் பேரன் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு மெஷினைத் தொடவிடுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினார்கள். இரும்புக்கு அவ்வளவு மரியாதை. வாய் பேச முடியாத ஒரு மனுஷனை எங்கள் கையில் கொடுத்தபோது அரை நாள் பழக்கக் கூட ஆள் இல்லை. ஊரில் எந்த வீட்டில் யார் படுக்கையில் விழுந்தாலும், கூப்பிடாமலேயே நான் போய்விடுகிறேன். அவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்கு ஊட்டிக் காட்டுங்கள் என்கிறேன். கிழவன் ஓசிக் கஞ்சிக்கு வந்துவிட்டான் என்று சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள். மல்லாந்து கிடப்பவன் கண்ணுக்கு ஒரு சின்னக் கரண்டி எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை அன்றைக்குப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் யாருக்கு எதை நீட்டினாலும் என் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.