மைக்கூட்டு ஜின்

டத்தோ கிராமாட் வட்டாரத்துக் கூடார சினிமாக் கொட்டகையில் படத்துக்குக் கதை சொல்வது நாகூர் மீரானின் வேலை. பேசாத படங்கள், திரையில் வரும் எழுத்து இங்கிலீஷ். அவருக்கு அதை எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மற்றதைக் குரல் பார்த்துக்கொள்ளும். திரையோரம் நின்று அவர் விம்மினால் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும்.

அந்த வாரம் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப் படம் வந்தது. நிஜமான துரை ஒருவர் காகிதத்தில் பேனாவால் ஒரு குட்டி மனிதனை வரைகிறார். அவன் எழுந்து மேசைமேல் ஓடுகிறான், துரையின் மூக்கைத் திருகுகிறான், கடைசியில் மைக்கூட்டுக்குள் குதிக்கிறான். துரை மூடியைத் திருகிவிடுகிறார். மீரான் அதை முன்பே பார்த்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"பிள்ளைங்களப் பிடிக்கிற ஜின் இது. மையைக் காட்டினா இறங்கும். மூடிட்டா தீர்ந்துச்சு."

கொட்டகை கைதட்டியது.

மறுநாள் காலை, பக்கத்துச் சந்து சுலைஹா அவர் வாசலில் நின்றாள். புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவள் கையில் திறந்த மைக்கூடு. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றும், இதைத் தலைமாட்டில் வைத்திருந்ததாகவும் சொன்னாள்.

"உள்ள இறங்கியிருக்கும், மீரான் நானா. நீங்களே ஓதி மூடிக் குடுங்க."

சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவரை யாரும் அதுவரை அப்படி நம்பிப் பார்த்ததில்லை. உதட்டை மட்டும் அசைத்தார். ஓதவில்லை, படைத்தவன்மேல் அந்த அளவுக்குப் பயம் இருந்தது. மூடியைத் திருகிக் கொடுத்தார்.

பகலில் சர்பத் கடை பஷீர் பேச்சுவாக்கில் சொன்னான், ஆஸ்பத்திரிக்குப் போக வந்த ரிக்‌ஷாவைச் சுலைஹா திருப்பி அனுப்பிவிட்டாளாம். மீரான் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தார்.

பிள்ளை கிடந்த பாயே சுட்டது.

"அது வெறும் மைம்மா. ஜின்னுன்னு சும்மா அடிச்சு விட்டேன்."

"காலையில ஓதினீங்களே?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுவும்தான்."

அவள் ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மீரான் ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்து வந்தார். ஏறி உட்கார்ந்தவள், அவர் நின்ற பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிள்ளை உயிருக்குப் பயமில்லை என்று மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. அப்போதும் அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அன்றைய காட்சியில் குட்டி மனிதன் மறுபடி எழுந்தான். மீரான் தொண்டையைச் செருமினார்.

"இது ஒருத்தர் வரைஞ்ச படம். வேற ஒண்ணுமில்ல."

முன்வரிசையில் ஒருவன் சலித்துக்கொண்டான். "அது எங்களுக்குத் தெரியாதா லா? நீங்க ஜின்னைச் சொல்லுங்கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நம்பியவள் ஒருத்திதான்.

துரை மூடியைத் திருகி முடிக்கும்வரை மீரான் வாய் திறக்கவில்லை.